பந்தியில் பேசும் நாக்கு

(பாறசாலை அருகே எல்லையோரக் கிராமம் ஒன்றில், நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், விலை உயர்ந்த பிரஞ்சு உணவகத்தில் கிடைத்த ஏமாற்றமான சாப்பாடு. இதைக் கேட்டதும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். 'இந்த ஊரில் எத்தனை பேர் பிரஞ்சு சாப்பாட்டுக்குப் போகிறோம்? ரப்பர் விலையைப் பற்றிப் பேசக் கூடாதா?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள், சென்னையில் இருக்கிறார்கள், வளைகுடாவில் இருக்கிறார்கள். பிறந்த நாளுக்கும் மண நாளுக்கும் அப்பா அம்மாவை இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே நம் நாக்குக்கு என்ன நேர்கிறது? ருசி பார்க்கிற நாக்குக்கும் பேசுகிற நாக்குக்கும் என்ன நேர்கிறது? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், எங்களுக்குத் திருமணமாகி முப்பது ஆண்டு நிறைந்தது. பெருநகரம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள், நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் வாருங்கள் என்று கூப்பிட்டாள். பாறசாலையில் ரயில் ஏறினோம். அது எந்த ஊர், எந்த உணவகம் என்று சொல்லப் போவதில்லை. ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடி. வெள்ளை விரிப்பு. மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி. வாசலில் நின்றவர் எங்கள் பெயரைக் கேட்டபோதே என் குரல் தாழ்ந்துவிட்டது.

மெனு அட்டையில் மீன் சாறு என்று ஒன்று இருந்தது. பூயாபேஸ் என்று பெயர். விலை 2,600 ரூபாய். மீன் என்றதும் என் மனைவி அதையே கேட்டாள். அவள் பொழியூர்க் கடற்கரையில் பிறந்தவள். கூடையில் மீன் கிடக்கிற கிடையைப் பார்த்தே அது எப்போது கரை ஏறியது என்று சொல்லிவிடுவாள். கால் மணி நேரம் கழித்து ஒரு பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில், உள்ளங்கை அகலக் குழியில், சிவந்த சாறும் அதன் மேல் நுரையும் வந்தன. உள்ளே இரண்டு துண்டு மீன், பாதி இறால். அவள் கரண்டி நுனியால் மீனின் ஓரத்தைத் தொட்டாள். பச்சை மீன் என்றால் சதை இதழ் இதழாகப் பிரியும், பிரிகிற இடத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். இந்த மீன் பிரியவில்லை. பஞ்சு மாதிரி நசுங்கியது. நசுங்கிய இடத்தில் வெளுத்த தண்ணீர் கசிந்தது.

'கேட்டியளா, இது ஐஸில கெடந்த மீனாக்கும். சாறும் ஆறிப்போச்சு' என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஒண்ணும் சொல்லாண்டாம். பேசாமத் தின்னு' என்றேன்.

பரிமாறுகிறவர் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று நான் பொய் சொன்னேன். மகள்தான் கொஞ்சம் துணிந்து, 'சாறு சூடாக இல்லையே' என்றாள். 'இது பிரஞ்சு முறை மேடம், இப்படித்தான் இருக்கும்' என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மீன் தெரிந்த ஒரு பெண் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முப்பது நாற்பது ஆண்டு அறிவை, 'பிரஞ்சு முறை' என்ற இரண்டே சொல் வாயடைத்துவிட்டது.

கடைசியில் இனிப்பு வந்தது. க்ரெம் ப்ரூலே என்பார்கள். பால் ஆடையும் முட்டை மஞ்சளும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்துக் குளிரவைத்த பதார்த்தம். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் அதன் மேல் சர்க்கரையைத் தூவித் தீயில் கருக்குவார்கள். கரண்டியால் தட்டினால் மேல்பரப்பு கண்ணாடி போல் சடக்கென்று உடைய வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே சாப்பிடுகிற இனிப்பு அது. எங்களுக்கு வந்தது உடையவில்லை, கரண்டியோடு வளைந்தது. எப்போதோ கருக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை ஈரம் இழுத்துவிட்டது. நம் கணக்கில் சொன்னால், நமத்துப்போன பப்படம்.

மூன்று பேருக்கும் 14,000 ரூபாய்க்கு மேல் ரசீது வந்தது. அதிலேயே பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தது. மகள் கொடுத்தாள். கீழே இறங்கி வந்து, தெருவோரக் கடையில் மூன்று பேரும் தோசை தின்றோம். அங்கே சட்னியில் உப்பு குறைவு என்று என் மனைவி உடனே சொன்னாள். கடைக்காரர் உடனே வேறு சட்னி ஊற்றினார்.

அன்பர்களே, யோசித்துப் பாருங்கள். அறுபது ரூபாய்க் கடையில் திறந்த வாய், பதினான்காயிரம் ரூபாய்க் கடையில் ஏன் மூடிக்கொண்டது?

நாம் வாய் பேசாத மக்களா? நம் கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்து பாருங்கள். பருப்பு வருகிறது, அதில் நெய் விழவில்லை என்றால் விடுவோமா? அவியலில் முருங்கைக்காய் கம்மி, துவரனில் தேங்காய் பழசு, புளிசேரி பிரிந்துபோயிருக்கிறது என்று இலைக்கு இலை தீர்ப்பு ஓடும். போளி வந்து பால் பாயசம் வரத் தாமதமானால், 'பாயசம் எங்கே?' என்று பந்தியின் கடைசியிலிருந்து குரல் வரும். பாயசம் முடிந்து மறுபடி சோறும் ரசமும் மோரும் வந்து கையைக் கழுவும்போது, தேகண்டக்காரரின், அதாவது விருந்து சமைக்கிறவரின், காது கேட்கவே, இந்த அடைப் பிரதமனில் வெல்லம் கருகிவிட்டது என்று ஒரு பெரியவர் சொல்வார். தேகண்டக்காரர் கோபித்துக்கொள்வாரா? அடுத்த பந்திக்கு உருளியை மாற்றுவார்.

எல்லை மீறியவர்களும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஆலப்புழை மாவட்டம் ஹரிப்பாடு அருகே முட்டம் என்ற இடத்தில், கல்யாண விருந்தில் இரண்டாவது பப்படம் கிடைக்கவில்லை என்று தொடங்கிய வாக்குவாதம் நாற்காலி வீச்சில் முடிந்தது. ஆட்களுக்குக் காயம், மண்டபத்துக்குச் சேதம். அதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. ஆனால் பப்படத்துக்காக மண்டபத்தையே அதிரவைக்கிற மண்ணில் பிறந்த நாம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏன் ஊமையாகிறோம்?

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். நாம் எல்லைக்காரர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு ஒரு மாநிலம். திருவனந்தபுரத்தில் போய்ப் பேசினால், 'நீ தமிழனா?' என்கிறார்கள். மதுரையில் போய்ப் பேசினால், 'நீ மலையாளியா?' என்கிறார்கள். நாம் வாயைத் திறந்ததும் அடுத்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தச் சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் பெரிய இடத்துக்குப் போனால் முதலில் வாயைக் கட்டுகிறோம். பேச்சுக்குப் பயந்து கட்டிய வாய், ருசிக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. அன்றைக்கு என் மனைவியை நான் அடக்கியது மீனுக்காகவா? இல்லை. 'கெடந்த மீனாக்கும்' என்ற அந்தப் பேச்சு பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பூயாபேஸ் என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பூயாபேஸ் மாளிகைச் சாப்பாடே கிடையாது! பிரான்சின் தெற்கே மர்சேய் என்ற துறைமுகம். அங்கே மீனவர்கள், சந்தையில் விலை போகாத முள் நிறைந்த பாறை மீன்களைக் கரையிலேயே சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்துத் தின்ற குழம்பு அது. தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பெருஞ்சீரகம், குங்குமப்பூ. கொதிக்கக் கொதிக்க இறக்கித் தின்ன வேண்டியது. நம் பூவாற்றிலும் பொழியூரிலும் வள்ளம் கரை சேர்ந்ததும், விற்று மிஞ்சிய மீனில் வைக்கிற கறிக்கு அண்ணன் தம்பி உறவு.

இன்னும் கேளுங்கள். மர்சேய்க்கு வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு ஏதோ ஒரு மீனைப் போட்டு, ஏதோ ஒரு சாற்றை ஊற்றி, இதுதான் பூயாபேஸ் என்று விற்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஏமாந்து போனார்கள். அந்த ஊர் உணவகக்காரர்கள் சிலருக்கே அது பொறுக்கவில்லை. 1980இல் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். குறிப்பிட்ட மீன் வகைகளில் குறைந்தது நான்காவது இருக்க வேண்டும். மீனை முழுசாகக் கொண்டுவந்து, சாப்பிட வந்தவரின் கண் முன்னால் வெட்டித் தர வேண்டும். ஏன் கண் முன்னால்? அவர் மீனைப் பார்க்கட்டும், அதன் தரத்தை அவரே எடை போடட்டும் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்!

அப்படியென்றால் அன்று அந்த மேசையில் பிரஞ்சு முறை தெரிந்தவர் யார்? கோட்டுப் போட்டு நின்றவரா, பொழியூர்க்காரியா?

'பிரஞ்சு உணவு உனக்குப் பழக்கமில்லை, அதனால் பிடிக்கவில்லை' என்பார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். மரச்சீனி நமக்குப் பழக்கமானதாகவா இருந்தது? தென்னமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை இங்கே பரவலாக்கினார். கட்டுள்ள, அதாவது நச்சுக் கசப்புள்ள, கிழங்கு எது, எத்தனை தண்ணீர் வடிக்க வேண்டும், எந்தக் கறிக்கு எது சேரும் என்று நம் பாட்டிமார் தின்று பார்த்துத் தின்று பார்த்து முடிவு செய்தார்கள். கடல் கடந்து வந்த கிழங்கை நம் ஊர்ச் சாப்பாடாக்கிய நாக்கு இது. ஆறிய சாறு ஆறியது என்று சொல்ல இந்த நாக்குக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

பிரஞ்சுக்காரர்களே இதில் வாய் மூடுவதில்லை. வெளியில் வாங்கிய உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, சமையல்காரர் கைப்பக்குவம் என்று விலை போடுகிறார்கள் என்ற குறை அங்கே பெரிதாக எழுந்தது. 2014 ஜூலையில் அரசாங்கம் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. சட்டியின் மேல் வீட்டுக் கூரை போட்ட படம். இங்கேயே சமைத்தது என்பதற்கு அது அடையாளம். சாப்பிடப் போகிறவருக்குக் குடுவையில் சாதாரணத் தண்ணீர் காசில்லாமல் தர வேண்டும் என்றும் அங்கே சட்டம் இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ பிரஞ்சு விருந்தைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தபோது, எந்த நட்சத்திர ஓட்டலையும் சொல்லவில்லை. பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சொந்தக்காரர் கூடி உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசிப் பேசிச் சாப்பிடுகிற வழக்கத்தைச் சொன்னது. அது நம் பந்தியிலும் இருக்கிறதே!

நட்சத்திரம் என்றால் தவறே வராது என்றும் நினைக்காதீர்கள். பாரீசில் ஜார்ஜ் சாங்க் ஓட்டலுக்குள் லெ சாங்க் என்ற உணவகம். மிஷ்லின் வழிகாட்டி மூன்று நட்சத்திரம் தந்த இடம், அதற்கு மேல் தர அவர்களிடம் நட்சத்திரமே இல்லை. 2017 ஏப்ரலில் ஜே ரெய்னர் என்ற ஆங்கிலேய விமர்சகர் அங்கே சாப்பிட்டுவிட்டு, லண்டன் அப்சர்வர் இதழில் கடுமையாக எழுதினார். இரண்டு பேருக்கு 600 யூரோ, அன்றைய மதிப்பில் நம் பணம் நாற்பதாயிரத்துக்கு மேல். கூடப் போன பெண்ணுக்கு விலை அச்சிடாத அட்டையைக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதினார். பெண்ணுக்கு விலை தெரிய வேண்டாமாம்! அந்த விமர்சனம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அவருக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடிக்கலாம். ஆனால் மூன்று நட்சத்திரத்தைப் பார்த்து அவர் நாக்கு பயப்படவில்லை.

சரி, நாம் சொன்னால் யார் கேட்பார்கள்? இங்கே நம் நாட்டு வழக்குகள் இரண்டைச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஒன்று விழுப்புரத்தில். 2022 நவம்பரில் ஒருவர் சாப்பாடு 80 ரூபாய் வீதம் 25 பொட்டலம் வாங்கினார். வீட்டுப் பெரியவர் ஒருவரின் நினைவு நாளுக்கு முதியவர்களுக்குக் கொடுப்பதற்காக. பொட்டலத்தில் என்னென்ன இருக்கும் என்று கடை பட்டியல் கொடுத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் இல்லை. ஒரு பொட்டலத்துக்கு ஒரு ரூபாய், மொத்தம் 25 ரூபாய் திருப்பிக் கேட்டார். கடை மறுத்தது. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2024இல் 35,000 ரூபாய் கொடுக்கும்படி கடைக்கு உத்தரவாயிற்று.

இன்னொன்று நம் கேரளத்தில். பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் வாங்கியவர், தொட்டுக்கொள்ளக் குழம்பு கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். வழக்கு எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிற்று. 2025 மே மாதம் மனு தள்ளுபடி ஆனது. குழம்பு தருவதாகக் கடை எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகவே சேவையில் குறை இல்லை என்று ஆணையம் சொன்னது. பரோட்டாவுக்குச் சால்னாவை வாளியோடு கொண்டுவந்து ஊற்றுகிற தமிழ்நாட்டுக் கடைகளில் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

ஊறுகாய்க்கு 35,000, குழம்புக்கு ஒன்றுமில்லை. ஏன்? ஊறுகாய் பட்டியலில் இருந்தது, குழம்பு இல்லை. வாக்குத்தான் கணக்கு. அப்படியானால் 2,600 ரூபாய் போட்டுப் பூயாபேஸ் என்று அச்சடித்த அட்டை என்ன வாக்குக் கொடுத்தது? சூடான சாறு. பெயருக்குப் பொருந்தின மீன். க்ரெம் ப்ரூலே என்று அச்சடித்தது என்ன வாக்கு? சடக்கென்ற அந்தச் சத்தம். அது கிடைக்கவில்லை என்று சொல்வது பட்டிக்காட்டுத்தனமா? கொடுத்த வாக்கைக் கேட்பது எப்படிப் பட்டிக்காட்டுத்தனமாகும்?

சேவைக் கட்டணத்துக்கும் இதே கதைதான். ரசீதில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதியே சொன்னது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நாங்கள் சாப்பிட்ட நேரத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2025 மார்ச் 28ஆம் தேதி நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. பிள்ளைகளே, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் பெர்னார் லுவாசோ என்று ஒரு சமையல் மேதை இருந்தார். பர்கண்டி வட்டாரத்தில் சோல்யு என்ற சின்ன ஊரில் உணவகம் நடத்தி மூன்று நட்சத்திரம் பெற்றவர். 2003இல் கோ மியோ வழிகாட்டி அவருக்கு இருபதுக்குப் பத்தொன்பதாக இருந்த மதிப்பெண்ணைப் பதினேழாகக் குறைத்தது. மிஷ்லின் நட்சத்திரமும் போகப் போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. அந்த நட்சத்திரம் போகவே இல்லை. ஆனால் பிப்ரவரி 24ஆம் தேதி, 52 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன், மனச்சோர்வு என்று வேறு பாரங்களும் அவர் மேல் இருந்தன. அடுப்படியில் நிற்கிறவர்களும் மனிதர்கள், நம் வாயிலிருந்து வருகிற சொல் அவர்கள் மேல் விழுகிறது என்பதை நான் மறக்கவில்லை.

அதனால்தான் மேசையிலேயே சொல்ல வேண்டும் என்கிறேன். வாய் மூடி எழுந்து வந்து, படி இறங்கியதும் போனை எடுத்து ஊரெல்லாம் தூற்றுவது எனக்குச் சம்மதமில்லை. தட்டு முன்னால் இருக்கும்போதே, ஆளைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், 'சாறு ஆறியிருக்கிறது, சூடாக்கித் தாருங்கள். மீன் எப்போது வந்தது?' என்று கேளுங்கள். நம் தேகண்டக்காரர் உருளியை மாற்றுகிற மாதிரி, அவர்களும் தட்டை மாற்ற ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நான் அன்று அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. அந்த உணவகத்தின் மேல் எனக்கு இருக்கும் குறையில் பாதி என் மேலும் இருக்கிறது.

நம் பேச்சிலேயே கேளுங்கள். 'ஐஸில கெடந்த மீனாக்கும்' என்றே சொல்லுங்கள். புரியாவிட்டால் அவர்கள் திருப்பிக் கேட்கட்டும்.

மகள் இந்த டிசம்பரில் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அதே ஊர், வேறு கடை. 'வருகிறேன், ஆனால் பேசாதே என்று உன் அப்பா சொல்லக் கூடாது' என்று என் மனைவி நிபந்தனை போட்டிருக்கிறாள். சம்மதித்துவிட்டேன்.

நேரமாகிவிட்டது. வெளியே பந்தலில் மரச்சீனிக் கிழங்கு மயக்கினதும் சாளைக் கறியும் இருக்கிறது. விடியற்காலை பொழியூரில் வாங்கிய சாளை. கறி வைத்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி, சட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். உப்போ புளியோ குறைந்திருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள், நேராக அவளிடம் சொல்லுங்கள்.